ராகு காலத்தில் ஓர் அப்டேட்

ராகு காலத்துக்குப் பயந்து ஒரு கம்ப்யூட்டரின் தேதியை ஒரு மாதம் பின்னால் தள்ளி வைத்த ஆள் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதையே ஒரு ஜோசியர் செய்திருந்தால் தொழில் பக்தி என்று விட்டுவிடலாம். நான் ராகு காலத்தை எதிர்த்து மேடையில் பேசியவன். திருத்துறைப்பூண்டியில் எங்கள் படிப்பு வட்டம் மாதம் ஒருமுறை கூடும். மைக் செட்காரரையும் சேர்த்து எண்ணினால் இருபது பேர் தேறும். அந்த இருபது பேருக்கு முன்னால், நேரத்தில் நல்லது கெட்டது என்று உண்டா, கடிகார முள்ளுக்குக் கோபதாபம் உண்டா என்று ஒரு மணி நேரம் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன்.

என் கல்யாணமே ராகு காலத்தில்தான் நடந்தது. தெரியாமல் நடந்ததல்ல. காலண்டரைப் பார்த்து, பொறுக்கி எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக்கு மேல் ஆறுக்குள் மாலை மாற்றிக்கொண்டோம். மூடநம்பிக்கையைக் கண்டித்து மூன்று பேர் பேசினார்கள். மூன்றாமவர் முடிப்பதற்குள் சாம்பார் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு வந்த இருபத்தைந்து வருடங்களை மிக அருகில் இருந்து பார்த்த என் துணைவியார், இப்போது ராகு காலத்தை முழுமையாக நம்புகிறார்.

இப்படிப்பட்ட நான் எப்படி அந்த நிலைமைக்கு வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

தாராளமயம் வந்தபோது அதை எதிர்த்து இரண்டு கட்டுரைகள் எழுதினேன். அது என்னைக் கவனித்துவிட்டது போலிருக்கிறது. நான் குமாஸ்தாவாக இருந்த உர நிறுவனத்தின் கிளையை ‘மறுசீரமைப்பு’ என்ற நல்ல தமிழ்ச் சொல்லைச் சொல்லி மூடினார்கள். விருப்ப ஓய்வு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். யாருடைய விருப்பம் என்று தாளில் இல்லை. நாற்பத்தெட்டு வயதில், கையில் நிறைய புத்தகமும் நிறைய நேரமுமாக நின்றபோது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிராவல்ஸ் வைத்திருந்த பாய் கூப்பிட்டு அனுப்பினார்.

பாயின் குடும்பத்தில் ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில். மீதிப் பேர் அவர்களை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விடுவதிலும் கூட்டி வருவதிலும் இருந்தார்கள். அந்த அனுபவத்தையே தொழிலாக்கி, நர்ஸ், எலக்ட்ரீஷியன், டிரைவர் என்று ஆட்களை அனுப்பிவைக்கும் அலுவலகம் ஒன்றை நடத்திவந்தார். அங்கிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுத ஒரு ஆள் வேண்டும். அது நான். அரைப்புள்ளியெல்லாம் வைத்து, பழைய துரைமார் பாணியில், ‘தங்களின் மேலான கவனத்துக்கு’ என்ற தோரணையில் ஒரு பக்கம் எழுதுவேன். அந்தப் பக்கத்திலிருந்து ‘ஓகே’ என்று பதில் வரும்.

கடிதமெல்லாம் ஈமெயில்தான். அதற்கென்று மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் ஒரு மெயில் மென்பொருள். அதை அமைத்துக் கொடுத்தவர் பாயின் மச்சினர் மகன். பாஸ்வேர்டை அடித்து, ‘நினைவில் வைத்துக்கொள்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, அடுத்த வாரமே ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொண்டது. அவர் மறந்துவிட்டார். போன் போட்டுக் கேட்டால், மாமாவின் கல்யாணத் தேதியாக இருக்கும் என்றார். மாமாவுக்கு அந்தத் தேதி நினைவில்லை. மாமியைக் கேட்டு அடித்துப் பார்த்தோம். அது இல்லை. ஆகவே அந்த மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடும் பேச்சுக்கே இடமில்லை. அழித்தால் பாஸ்வேர்டும் போய்விடும், பாயின் தொழிலும் அதன் பின்னாலேயே போய்விடும்.

இந்த மென்பொருளுக்குத்தான் அப்டேட் வந்தது. புதிய பதிப்பு தயார், இப்போது நிறுவவா, பிறகு பார்க்கலாமா என்று ஒரு சின்னப் பலகை திரையின் நடுவில் வந்து நிற்கும். நான் மூன்று வாரமாகப் பிறகு என்பதையே அழுத்திக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணிக்கு மேல், பலகை மட்டும் வந்தது. ‘பிறகு’ என்ற பொத்தானைக் காணவில்லை.

செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை. எதிர்த்துப் பேசியவனுக்கு இந்த அட்டவணை மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

நான் பயந்தேன் என்று சொல்ல மாட்டேன். சில தரவுகள் என் வசம் இருந்தன. அதற்கு முந்தைய அப்டேட்டை ஒரு செவ்வாய் மதியம் போட்டேன், பிரிண்டர் வாயை மூடிக்கொண்டது. அதற்கும் முந்தையது ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு. அதுவும் ராகு காலம்தான். தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறிப்போய், ஒரு வாரம் எங்கள் விண்ணப்பங்கள் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி இருந்தன. இரண்டு முறை நடந்ததை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பது அறிவியல். மூன்றாவது முறை நடந்தால் யார் பொறுப்பு என்பது பாய்.

பாய் அசர் தொழுகைக்குப் போயிருந்தார். அலுவலகத்தில் நான் மட்டும். சுவரில், ஒரு அரிசி மில்காரர் கொடுத்த மாதக் காலண்டர். முகூர்த்த நாள்களுக்குக் கீழே சின்னதாக மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். ஜூன் மாதத் தாளை மேலே தூக்கிப் பார்த்தேன். ஜூலையில் ஒன்று இருந்தது. ஆனால் தேதியை முன்னால் தள்ளினால், வைரஸ் தடுக்கும் மென்பொருளின் தவணை முடிந்துவிட்டது என்று அது தனியாக அழ ஆரம்பிக்கும். பின்னால் தள்ளலாம். பின்னால் மடித்திருந்த மே மாதத் தாளை முன்னால் கொண்டுவந்தேன். அதில் வளர்பிறை முகூர்த்தம் ஒன்று இருந்தது, புதன்கிழமை. அன்றைக்குப் பாயின் அலுவலகத்திலிருந்து மூன்று பேர் ஒரு சிக்கலும் இல்லாமல் விமானம் ஏறியது எனக்கு ஞாபகம் இருந்தது. அதாவது, ஏற்கனவே நல்லபடியாக நடந்து முடிந்த நாள். அது நல்ல நாள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. இதை நம்பிக்கை என்று எப்படிச் சொல்வது? பரிசோதனை முடிவு என்றுதான் சொல்ல வேண்டும்.

திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைத் திறந்து, மே மாதத்துப் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்து, நேரத்தைக் காலை பத்தரை என்று வைத்தேன். பிறகு ‘நிறுவு’ பொத்தானை அழுத்தினேன். பன்னிரண்டு நிமிடத்தில் அப்டேட் முடிந்தது. பிரிண்டரை ஒருமுறை சோதித்தேன், ஓடியது. தமிழ் எழுத்து தமிழாகவே இருந்தது. எனக்கு ஏற்பட்ட நிம்மதியை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை. நேரத்தை நாலு மணிக்கு மாற்றினேன். தேதியையும் மாற்றப் போனேன். அதற்குள் பாய் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. சட்டென்று கடிகாரத்தை மூடிவிட்டு, ஒரு பாஸ்போர்ட் நகலை மிகுந்த அக்கறையோடு படிக்க ஆரம்பித்தேன். தேதி மே மாதத்திலேயே நின்றுவிட்டது. நான் அதைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

அன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு நர்ஸ் வந்தார்.

ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். முத்துப்பேட்டை சாலையில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் படிக்கவைத்தவர். இப்போது அந்த அம்மா சொந்தமாகக் கொஞ்சம் நிலத்தில் பயிர் வைக்கிறார். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனை நர்ஸ் எடுத்தது. முப்பத்தைந்து வயது முடிந்தால் எடுக்க மாட்டார்கள். இவருக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது. மூன்று வருடமாக எழுதிப்போட்டு, இந்த முறைதான் கிடைத்திருந்தது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, எங்கள் அலுவலக மெயிலிலிருந்தே அனுப்ப வேண்டும், வேறு முகவரியிலிருந்து வந்தால் ஏற்க மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். கெடு புதன்கிழமை மாலை நாலு மணி, அவர்கள் நேரம். நமக்கு ஐந்தரை. வியாழனும் வெள்ளியும் அப்போது அங்கே விடுமுறை. புதன் தவறினால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

படிவத்தை ஸ்கேன் செய்தேன். அழகாக ஒரு கடிதம் எழுதினேன், நான்கு அரைப்புள்ளிகளோடு. அனுப்பினேன். மெயில் போகும்போது வரும் ‘ஷ்ஷ்’ என்ற சத்தமும் வந்தது. போயிடுச்சும்மா, நிம்மதியா டூட்டிக்குப் போ என்றேன்.

புதன் காலை பத்து மணிக்கு மஸ்கட்டிலிருந்து போன். அந்த மருத்துவமனையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்த ஒரு மலையாள அம்மா. எங்கள் நர்ஸின் சம்மதக் கடிதம் இன்னும் வரவில்லை, இன்றைக்கு நாலு மணிக்குப் பட்டியலை மூடப்போகிறேன் என்றார். நேற்றே அனுப்பிவிட்டோமே என்றேன். நேற்றைய மெயில்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், அதில் இல்லை என்றார்.

அனுப்பிய கடிதங்களின் பட்டியலைத் திறந்தேன். புதியது மேலே, பழையது கீழே என்ற வரிசை. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது திங்கள்கிழமை நான் ஒரு டிரைவருக்காக அனுப்பிய கடிதம். செவ்வாய்க்கிழமை என்று ஒன்றுமே இல்லை. அப்டேட்தான் கடிதத்தைத் தின்றுவிட்டது என்று அந்த நொடியே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மறுபடி அனுப்பினேன். ‘ஷ்ஷ்’ என்றது. பட்டியலில் காணவில்லை. மறுபடி அனுப்பினேன். காணவில்லை. ஆனால் வரவேண்டிய கடிதங்களெல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. என் வாழ்க்கையில் பல விஷயங்கள் அப்படித்தான் என்றாலும், ஒரு இயந்திரம் அப்படி நடந்துகொள்வது எனக்குப் புரியவில்லை.

பாய் நர்ஸுக்குத் தகவல் சொல்லிவிட்டார். அவர் முதல் நாள் இரவுப் பணி முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், சீருடையை ஒரு பையில் வைத்துக்கொண்டு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதிரி ஒன்றும் கேட்காமல் பார்ப்பதை மருத்துவமனையில் சொல்லித்தருவார்கள் போலிருக்கிறது. நோயாளி தானாகவே உண்மையைச் சொல்லிவிடுவான்.

நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாதே.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பிறகு மோடத்தை அணைத்துப் போட்டேன். அதற்குப் பின்னால் சொருகியிருந்த டெலிபோன் ஒயரைக் கழற்றி, உள்ளே இருந்த எறும்புகளை ஊதி, மறுபடி சொருகினேன். இன்டர்நெட் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தி, புகாருக்கு மூன்றை அழுத்தி, நாதஸ்வர இசையை முழுக் கச்சேரியாகக் கேட்டு முடித்தபின் ஒரு இளைஞர் வந்தார். மோடத்தில் விளக்கு எரிகிறதா என்றார். எரிகிறது என்றேன். அப்படியானால் எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது சார் என்றார். மஸ்கட்டைக் கேட்டால் அவர்கள் பக்கமும் சரியாக இருந்தது. நான் என் பக்கத்தைப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. இத்தனை பேர் சரியாக இருந்தும் ஒரு கடிதம் கடலைத் தாண்டவில்லை.

பாய் வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்தவர், பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

“மேட்டூர்ல தொறந்தாச்சுங்கறான், இங்க வாய்க்கால் காஞ்சு கெடக்குது. அந்தக் கதையால்ல இருக்கு சார் உங்க மெயிலு.”

கடைமடைக்காரர்கள் யாருக்கும் இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. திறந்தவர் திறந்ததாகச் சொல்கிறார். காத்திருப்பவர் வரவில்லை என்கிறார். நடுவில் எந்த மதகில் நிற்கிறது என்பதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, டிக் இருந்த கட்டங்களில் டிக்கை எடுத்தேன், இல்லாத கட்டங்களில் போட்டேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கடிதம் அனுப்பினேன். கடிதத்தின் தலைப்பையும் மாற்றிக்கொண்டே போனேன். முதலில் ‘சம்மதக் கடிதம்’. ஐந்தாவது ‘நினைவூட்டல்’. பத்தாவதில் ‘தயவுகூர்ந்து’ சேர்ந்துகொண்டது. பதினைந்தாவதில் ஒரு ஏழைக் குடும்பத்தின் எதிர்காலம் வந்துவிட்டது. அதைப் படித்துப் பார்த்த நர்ஸ், சார் அந்த வரி வேணாம் என்றார். எடுத்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மின்வெட்டு. யுபிஎஸ் பத்து நிமிடம் கீச்கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. இரண்டு மணி வரை மின்சாரம் வராது. சும்மா இருந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் பேச ஆரம்பித்தேன். இந்த அப்டேட் என்பதே ஒரு ஏமாற்று வேலை. நன்றாக ஓடும் ஒன்றைக் கெடுத்து, கெட்டதைச் சரிசெய்ய மறுபடி அவனிடமே போகவைப்பது. வெளிநாட்டு மூலதனம் இப்படித்தான் உள்ளே வரும். விதையில் வந்தான், உரத்தில் வந்தான், இப்போது கடிதத்தில் வந்திருக்கிறான். அரை மணி நேரம் போயிருக்கும். படிப்பு வட்டத்திலேயே இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

அவர் கைவிசிறியாக ஒரு ஃபைலை வீசிக்கொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு, “சார், இதெல்லாம் அஞ்சரைக்குள்ள சரியாயிடுமா?” என்றார்.

இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. மூன்று மணிக்கு ஷார்ஜாவுக்குப் போன் போட்டோம். மச்சினர் மகன் வேலை நேரத்தில் இருந்தார், ரகசியக் குரலில் இரண்டு யோசனை சொன்னார், இரண்டையும் நான் ஏற்கனவே செய்திருந்தேன். நாலு மணிக்கு அந்த மலையாள அம்மா தானாகவே கூப்பிட்டார். நல்ல மனசு. இன்னும் வரவில்லை என்று சொல்வதற்காகக் கூப்பிட்டார். நாலரைக்குப் பதினேழாவது கடிதம் போயிற்று, அதாவது போகவில்லை.

இந்தச் சமயத்தில் நர்ஸ் எழுந்து வாசல் வரை போய் நின்றார். அவருக்கு அழுகை வந்திருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். அம்மாவுக்குப் போன் போட்டார். நாற்றங்காலுக்குத் தண்ணி வந்துதா என்று கேட்டார். சாப்பிட்டியா என்று கேட்டார். இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, “பாய், இங்க ஆஸ்பத்திரில அடுத்த மாசத்துலேர்ந்து வேலைக்கு வரலன்னு எழுதிக் குடுத்துட்டேன்” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். பாய் என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன். இனி மிச்சம் இருப்பது ஒன்றுதான் என்று பட்டது. மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடுவது. கையை அந்தப் பொத்தானுக்குக் கொண்டுபோனேன்.

பாய் என் தோளில் கைவைத்தார்.

“சார், நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.”

“இன்னும் நாப்பது நிமிஷந்தான் இருக்கு பாய்.”

“அதான் சொல்றேன். போயிட்டு வாங்க.”

போனேன். எதிர்க் கடையில் நின்று டீயைக் குடித்தேன். அதற்கு ருசி இருந்ததா என்று தெரியவில்லை. என் நாற்காலியில் நர்ஸ் உட்காருவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் தாள் அடிப்பவர்தான், கம்ப்யூட்டர் பழக்கம் உண்டு. என்ன செய்தார் என்பதைப் பிறகு பாய் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் எதையும் சரிசெய்ய உட்காரவில்லை. தன் ஃபைலில் வைத்துக்கொள்ள, அனுப்பிய கடிதத்தின் பிரதி ஒன்று வேண்டும் என்று தேடியிருக்கிறார். அவர்களுக்கு அது வழக்கம். ஊசி போட்டால் எழுதிவைக்க வேண்டும், எழுதாத ஊசி போடாத ஊசி. கடிதம் போகவில்லை என்று நான் நாள் முழுக்கச் சொன்னதை அவர் நம்பவில்லை. அத்தனை தடவை ‘ஷ்ஷ்’ என்ற சத்தத்தைக் காதால் கேட்டிருக்கிறார். போனது எங்காவது எழுதியிருக்கும் என்று, நான் மேலே மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த பட்டியலைக் கீழே கீழே உருட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

நான் உள்ளே நுழைந்தபோது அவர் நாற்காலியைத் திருப்பினார்.

“சார், இந்தக் கம்ப்யூட்டருக்கு இன்னும் மே மாசமே முடியல.”

நான் மேசையைச் சுற்றி வந்து திரையைப் பார்த்தேன்.

ஒரு மாதத்துக்குக் கீழே, நல்ல வளர்பிறை முகூர்த்தத்தில் தொடங்கி, பதினேழு கடிதங்களும் வரிசையாக நின்றிருந்தன. கேஸ் ஷீட்டில் முதலில் தேதி, பிறகு நேரம், அப்புறம்தான் மற்றது என்று பன்னிரண்டு வருடம் எழுதிய கை. அதனால் அவர் கண் நேராகத் திரையின் மூலைக்குப் போயிருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டர் ஒவ்வொரு கடிதத்திலும் மே மாதத் தேதியைப் போட்டு அனுப்பியிருக்கிறது. அவை ஒழுங்காக மஸ்கட்டுக்குப் போய், போன மாதக் கடிதங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டிருக்கின்றன. நேற்றையதை மட்டும் தேடிய அந்த அம்மாவின் கண்ணில் எப்படிப் படும்?

பாய் போன் போட்டார், ஸ்பீக்கரில். கொஞ்சம் கீழே போய் மே மாதத்தில் பாருங்கள் என்றார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“எல்லாம் இவிடே உண்டு சார். நாங்க வேலை தரதுக்கு ஒரு மாசம் முன்னாடியே பதினேழு தடவை சம்மதிச்சிருக்கீங்க.” ஒவ்வொரு தலைப்பாக அவர் வாய்விட்டுப் படித்தார். ‘தயவுகூர்ந்து’ வந்தபோது நான் காலண்டர் இருந்த பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். திரும்பியது தப்பு, பாயும் அந்தப் பக்கம் பார்த்தார்.

பிறகு அவர் குரல் மாறியது. வேலை கொடுப்பதற்கு முந்தைய தேதியில் இருக்கும் சம்மதத்தை வைத்து நான் ஃபைல் போட முடியாது, தணிக்கையில் மாட்டிக்கொள்வேன், சரியான தேதியில் ஒன்று வேண்டும் என்றார். எங்கள் நேரம் ஐந்து பன்னிரண்டு. நர்ஸ் தேதியை மாற்றினார். ஜூன், புதன், ஐந்து பதின்மூன்று. கையெழுத்துக்குப் பக்கத்தில் படிவத்தில் இருந்த தேதியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார். நான் கடிதம் எழுதக் கை நீட்டினேன். அவர் அதற்குள் ‘படிவம் இணைப்பில்’ என்று ஒரே வரி அடித்து அனுப்பிவிட்டார். ‘ஷ்ஷ்’. அந்த வரி பட்டியலின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

போனில் மவுஸின் டிக் டிக் கேட்டது. நர்ஸ் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“கிட்டி,” என்றார் அந்த அம்மா. வந்துவிட்டது என்று எங்களுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஐந்து பத்தொன்பது.

நர்ஸ் பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். அந்த நாள் முழுக்க அதை அவர் மடியிலேயே வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பிறகு பாயிடம் அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி, ஃபைலில் வைத்துக்கொண்டு, எட்டு மணி டூட்டிக்குக் கிளம்பினார். போகும்போது எனக்கும் தேங்க்ஸ் சொன்னார். பயிற்சி பெற்றவர்கள் எல்லா நோயாளிகளிடமும் அன்பாகத்தான் இருப்பார்கள்.

அவர் போனபின், தேதி எப்படி மாறிச்சு சார் என்று பாய் கேட்டார். அப்டேட் போடும்போது சில சமயம் தானாகவே மாறிவிடும் பாய், அதனால்தான் இந்த வெளிநாட்டு மென்பொருளையெல்லாம் நான் நம்புவதில்லை என்றேன். பாய் எழுந்து போய், சுவரில் மே மாதத்திலேயே திறந்திருந்த காலண்டரைச் சற்று நேரம் பார்த்தார். மஞ்சள் கோடு போட்ட புதன்கிழமையை விரலால் ஒருமுறை தடவினார். தாளைப் பின்னால் மடித்து ஜூனுக்குக் கொண்டுவந்தார்.

“ஆமா சார். அப்டேட்டுன்னா அப்படித்தான்,” என்றார்.

நான் சாகும் வரை அவரிடம் வேலை பார்க்கலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இதை எழுதுவதற்கு முன்னால் அவரிடம் முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும் என்றும் முடிவு செய்தேன். இதுவரை முதல் முடிவைத்தான் நிறைவேற்ற முடிந்திருக்கிறது.

ஒன்றரை வருடம் கழித்து, மன்னார்குடி பஸ்ஸில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். மடியில் ஒரு பை நிறைய விதை உளுந்து. நெல் அறுவடைக்கு முன்னால் வயலில் தெளிக்க வாங்கிப்போகிறார். பேச்சுக் கொடுத்ததில், மகள் மஸ்கட்டில் நர்ஸ் என்றார். ஊர் எது என்றேன். சொன்னார். அந்த நர்ஸின் அம்மாதான். மகள் நல்லா இருக்கா, ஐசியூவுல டூட்டி போட்டிருக்காங்க, வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் முகத்தைக் காட்டுகிறாள் என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. நானும் அந்தப் பாய் டிராவல்ஸில்தான் இருக்கிறேன் என்று, ஒரு நன்றிக்கு வேண்டிய இடத்தை விட்டு, மெல்லச் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது.

“அப்படியா சார்? பாய் தங்கமான மனுஷன். அன்னிக்கி அவரு இல்லாட்டி எம்மவ போயிருக்கவே முடியாது.” பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஏன் சார், அங்க ஒருத்தரு காலையிலேர்ந்து பொட்டிய விடாம நோண்டிக்கிட்டே இருந்தாராமே, டீ குடிக்க வெளிய அனுப்புன அஞ்சாவது நிமிஷம் எல்லாம் சரியாப் போச்சுன்னு சொன்னா. அந்தாள இன்னும் வச்சிருக்காங்களா?”